வெள்ள வளையம் வந்த பெறகு

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். மூணு தடவ போன எடுத்தேன், மூணு தடவயும் ரெண்டு வரி தட்டிட்டு அழிச்சிட்டேன். தமிழ்ல நான் கடைசியா முழுப் பக்கம் எழுதுனது பன்னெண்டாங்கிளாஸ் பரீட்சையில. அதத் திருத்துன வாத்தியாரு எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். வாய்ஸ் நோட்டாப் பேசி அனுப்பிரலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான், புனேவுக்குப் பக்கத்துல தளேகாவுல கம்பெனி வேல. நான் அனுப்புற வாய்ஸ் நோட்ட அவன் ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டுத்தான் கேப்பான். "அப்பிடிக் கேட்டாத்தான்டா நீ கொஞ்சம் அறிவாளி மாதிரி தெரியிற"ம்பான். இந்த விசயத்த அவன் அப்பிடி ஓட்டிக் கேக்குறது எனக்குப் புடிக்கல. அதான் எழுதுறேன். பிழ இருந்தா கண்டுக்காதீங்க.

நான் புனேவுல, கசார்வாடிங்கிற எடத்துல, ஒரு சின்ன ஆஸ்பத்திரியில வார்டு பாய். எமர்ஜென்சி ரூம்ல டூட்டி. சுத்திப் பூராம் லேத்துப் பட்டற, வெல்டிங் பட்டற. தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் பெரிய பெரிய அபார்ட்மெண்டு. பட்டறயில கையக் கிழிச்சுக்கிட்டவனும் எங்ககிட்டத்தான் வரணும், அபார்ட்மெண்ட்டு ஊஞ்சல்லேர்ந்து விழுந்த புள்ளையும் எங்ககிட்டத்தான் வரணும்.

இந்த ஊருல வார்டு பாய எல்லாரும் 'மாமா'ன்னுதான் கூப்புடுறாய்ங்க. எனக்கு வயசு இருவத்தி நாலு. அறுவது வயசு அம்மா ஒண்ணு ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு, "மாமா, பாணி"ங்கும். "இந்தா வர்றேன் மருமகளே"ன்னு தமிழ்ல சொல்லிட்டுப் போயித் தண்ணி எடுத்துட்டு வருவேன். அதுக்கு ஒண்ணும் புரியாது. எனக்கு நானே சிரிச்சுக்க வேண்டியதுதான்.

இந்த எனக்கு நானே சிரிச்சுக்கிறதுதான் இங்க பெரிய கொடும. ஊருல, மதுரைக்கு அந்தப்பக்கம், நான் வாயத் தொறந்தா டீக்கடையே கொட்டிக் கவுந்துரும். இங்க எனக்கு இந்தி வரும், ஆனா வேல பாக்குற அளவுக்குத்தான் வரும். வம்பிழுக்குற அளவுக்கு வராது. ஒரு தடவ முயற்சி பண்ணேன். எங்க வாட்ச்மேனுக்குப் பெரிய மீச. "மீசைக்குன்னு தனியாச் சம்பளம் குடுக்குறாய்ங்களா அண்ணே?"ன்னு இந்தியில கேட்டேன். அந்தாளு சிரிக்கல. நேராப் போயி சூப்பர்வைசர்ட்ட, இவன் என் சம்பளத்த விசாரிக்கிறான்னு சொல்லிட்டாரு. அன்னிக்கு ரெண்டு பேரு முன்னாடி நின்னு நான் வெளக்கம் குடுத்தேன். ஒரு கிண்டலுக்கு நின்னு வெளக்கம் குடுக்குறது மாதிரி கேவலம் ஒலகத்துல இல்ல. அதோட நிப்பாட்டிட்டேன். இப்ப ஆஸ்பத்திரியில என்னைய எல்லாருக்கும் 'அமைதியான பையன்'னு தெரியும். இத எங்க ஊருல போயிச் சொன்னா வேற ஆளப் பத்திப் பேசுறதா நெனப்பாய்ங்க.

கூட்டாளியும் நானும் ஒண்ணாத்தான் ரயிலேறி இங்க வந்தோம். ஒரு லேத்துப் பட்டறைக்கு மேல ஒரே ரூம்ல ஒண்ணரை வருசம் இருந்தோம். கீழ மெசின் ஓடுனா மேல தட்டு டம்ளரு ஆடும். அவனுக்குத் தளேகாவ் கம்பெனியில வேல கெடச்சதும் அங்கயே ரூம் பாத்துப் போயிட்டான். பக்கந்தான். கசார்வாடி டேசன்ல லோனாவ்லா லோக்கல் ஏறுனா நேரா அவன் ஊருதான். ஒரே ஒரு தடவ போனேன். அவன் நைட் ஷிப்டு முடிச்சுத் தூங்கிக்கிட்டு இருந்தான். அவன் ரூம்ல புதுசா ரெண்டு பேரு, சேலத்துக்காரய்ங்க. நல்ல பசங்கதான். டீ போட்டுக் குடுத்தாய்ங்க. அவிங்களுக்குள்ள ஏதோ ஒரு சூப்பர்வைசரப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாய்ங்க. கூட்டாளி எந்திரிச்சு வந்து அவனும் சேந்து சிரிச்சான். எனக்கு அந்த சூப்பர்வைசரத் தெரியாது. சிரிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு டீயக் குடிச்சேன். அடுத்த லோக்கல்ல திரும்பிட்டேன். அதுக்கப்பறம் கூப்புடுறப்பல்லாம், "ஷிப்டு ஒத்து வரலடா மாப்ள"ன்னு சொல்லிருவேன். ஷிப்டு ஒத்துத்தான் வந்துச்சு.

லீவு நாள்ல நான் என்னென்ன பேசுறேன்னு ஒரு தடவ எண்ணிப் பாத்தேன். டீக்கடையில "ஏக் கட்டிங்". வடாபாவ் கடையில "மிர்ச்சி ஜாஸ்தி". ரோட்டுல இடிச்சவர்ட்ட "சாரி". அம்புட்டுத்தான். அன்னிக்குப் பொழுது முடிஞ்சிருச்சு.

சரி, வேலைக்கு வர்றேன்.

நான் சேந்தப்ப எனக்குக் குடுத்த முக்கியமான வேல, தையல் போடுறப்ப புள்ளைங்கள அமுக்கிப் புடிக்கிறது. நெத்தி, தாடையில வெட்டுப்பட்டு வர்ற புள்ளைய ஒரு பெட்ஷீட்டுல கையோட சேத்துச் சுருட்டிருவோம், பாயச் சுருட்டுற மாதிரி. ஒரு ஆளு காலு, ஒரு ஆளு இடுப்பு, சிஸ்டர் தோளு, நான் தல. தல அசையாமப் புடிக்கிறதுல நான்தான் ஆஸ்பத்திரிலயே கெட்டிக்காரன். அதுக்கப்பறம் அந்த வெட்டுக்குள்ளயே மரக்குற ஊசி. அந்த ஊசிக்குத்தான் புள்ளைங்க துடிக்கும், தையலுக்கு இல்ல. அந்த நேரத்துல அதுங்க கண்ணுக்கு நேரா, தலகீழா, தெரியிற ஒரே மூஞ்சி என் மூஞ்சி.

ஒரு நாளு வடாபாவ் கடையில நிக்கிறேன். ஒரு பொம்பளப்புள்ள அவுக அப்பா கையப் புடிச்சுக்கிட்டு வருது, தாடையில சின்னத் தழும்பு. என்னையப் பாத்துச்சு. அப்பாவுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சு அழ ஆரம்பிச்சிருச்சு. அப்பாக்காரருக்கு நான் யாருன்னே தெரியல. "என்னாச்சு, என்னாச்சு"ன்னு சுத்திச் சுத்திப் பாத்தாரு. நான் வடாபாவ வாங்காமலே வந்துட்டேன்.

அதுக்கப்பறந்தான் புது டாக்டரம்மா வந்தாங்க. மராட்டிக்காரங்க, நறுக்குன்னு பேசுவாங்க. நான் இங்க தமிழ்ல சொல்றேன், ஆனா அவுங்க என்கிட்டப் பேசுறது இந்தியிலதான். வந்த மொத வாரத்துலயே பெட்ஷீட்டு சுருட்டுறதப் பாத்துட்டு, "இது என்ன மாமா, புள்ளையா, பார்சலா?"ன்னாங்க. அப்பறம் எங்க மருந்துக்கடையிலயே ஒரு ஜெல் கலக்கச் சொல்லி பிரிட்ஜுல வச்சாங்க.

அந்த ஜெல்லப் பத்திச் சொல்லணும், ஏன்னா கதையே அதுதான். ஊசி இல்ல, ஒண்ணும் இல்ல. காயத்தக் கழுவிட்டு, பஞ்சுல அந்த ஜெல்ல நனச்சு, வெட்டுக்குள்ள படுற மாதிரி வச்சு, மேல ஒரு கண்ணாடி மாதிரி டேப்ப ஒட்டிறணும். புள்ளைக்கு எவ்ளோ எடையோ அதுக்குத் தக்கனதான் ஜெல்லு. டேப்பு மேல பேனாவால மணி எழுதணும். வெரலு, காது, மூக்கு நுனி, இங்கெல்லாம் வக்கக் கூடாதுன்னாங்க. கண்ணுக்குள்ள எறங்கிறக் கூடாது. வச்ச பெறகு இருவது நிமிசத்துலேர்ந்து அரை மணி நேரம் வரைக்கும் ஒரு ஆளு கிளவுசு போட்டுக்கிட்டு வெரலால மெல்ல அமுத்திப் புடிச்சிருக்கணும். ஆகா, மறுபடியும் புடிக்கிற வேலதான், ஆனா ஒத்த வெரலு!

மொத தடவ நான் கிளவுசு போடல. என் வெரல்ல ஒரு கீறல் இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல வெரலு நுனி என்னுது இல்லாத மாதிரி ஆயிருச்சு. டாக்டரம்மா, "மாமா, ஒனக்கும் ரெண்டு தையல் போட்டு விடவா? வலிக்காது"ன்னாங்க. நல்ல கிண்டல்தான். எனக்குப் பதில் சொல்ல இந்தி வரல.

முக்கியமான விசயம் அந்த வளையம். ஜெல் வேல செஞ்சிருச்சுன்னா வெட்டச் சுத்தித் தோலு வெளுத்துப் போகும். மாநெறமா இருந்தாலும் கருப்பா இருந்தாலும் உத்துப் பாத்தா தெரியும், நெலாவச் சுத்திக் கோட்ட கட்டுன மாதிரி ஒரு வெள்ள வளையம். அது வந்ததும் டாக்டரக் கூப்புடணும். "வளையம் தெரிஞ்சா அடுத்த நிமிசம் என்னையக் கூப்புடு. மரமரப்பு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது"ன்னு சொல்லியிருந்தாங்க. நானும் அப்பிடித்தான் கூப்புட்டேன், எல்லாப் புள்ளைக்கும். ஒண்ணத் தவிர.

அது ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம். ஒரு அம்மா துப்பட்டாவ மக நெத்தியில அமுக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க. புள்ளைக்கு ஏழு வயசு இருக்கும். அபார்ட்மெண்ட்டு கார் பார்க்கிங் சரிவுல சைக்கிள விட்டு, கேட்டுக் கம்பியில நெத்திய முட்டியிருக்கா. துப்பட்டாவ எடுத்துப் பாத்தேன். வாய்க்குள்ளயே, "அடி ஆத்தி, புருவத்துக்கு மேல. கண்ணு தப்பிச்சிச்சு"ன்னேன்.

அந்தம்மா சட்டுன்னு நிமுந்தாங்க. "ஏனுங்க, தமிழுங்களா?"

"ஆமாங்க்கா. மதுரப் பக்கம்."

"நாங்க கோயமுத்தூருங்க. இவங்கப்பாவும் ஊர்ல இல்லீங்க. தையல் போடோணுமுங்களா? இவளுக்கு ஊசின்னாவே ஆகாதுங்க."

ஊசின்னதும் புள்ள ஸ்ட்ரெச்சர்லேர்ந்து எறங்கப் பாத்துச்சு. "ஊசி நக்கோ! அம்மா, ஊசி நக்கோ!" இங்க பொறந்து வளந்த புள்ள, வேணாங்கிறதுக்கு மராட்டிதான் வருது.

நான் குனிஞ்சு, "ஊசியே கெடையாது. ஒரு ஜெல்லு வப்போம். அரை மணி நேரம் கழிச்சு ஒன் நெத்திய நான் கழட்டிட்டுப் போனாக்கூட ஒனக்குத் தெரியாது"ன்னேன்.

"பொய்."

"வலிச்சுச்சுன்னா என் காதத் திருகிக்க. ரெண்டு காதயும்."

என் காதப் பாத்தா. பெரிய காதுதான். "ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

டாக்டரம்மா வந்து பாத்து, நாலு தையல் வரும்னு சொல்லி, ஜெல் வச்சு டேப்பு ஒட்டிட்டுப் போனாங்க. டேப்புல நான் மணி எழுதுனேன், மூணு நாப்பது. ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்து, வெரல வச்சேன்.

"நீங்க டாக்டரா?"

"பாத்தா எப்பிடித் தெரியுது?"

"டாக்டர் மாதிரி இல்ல."

"கரெக்ட்டாச் சொன்ன. நான் பஞ்சு புடிக்கிற ஆபீசர்."

"ஸ்கூல் போனீங்களா?"

"போனேன். பன்னெண்டாவதுல பெயிலு. நீ?"

"செகண்ட் ஸ்டாண்டர்ட். பாஸ்."

"அப்ப நீ என்னைய விடப் பெரிய படிப்பாளி. ஒனக்குச் சார் போட்டுத்தான் பேசணும். சொல்லுங்க சார், எதுக்கு சார் கேட்ட முட்டுனீங்க? கேட்டு ஒங்கள என்ன சார் பண்ணுச்சு?"

சிரிச்சுட்டா. சிரிச்சதும் நெத்தி சுருங்குது, டேப்பு தூக்குது. "சிரிக்காத, சிரிக்காத, ஜெல் கண்ணுக்கு எறங்கிரும்"னு நான் பதற, அதப் பாத்து இன்னும் சிரிக்கிறா. அவுக அம்மா, "ஏனுங்க, நீங்க பேசாம இருந்தீங்கன்னாவே அவ சிரிக்க மாட்டாளுங்க"ன்னாங்க. அந்தம்மா மூஞ்சியிலயும் சிரிப்பு வந்திருச்சு.

அப்பறம் ஒரு வெளாட்டு வச்சோம். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மொறைக்கணும். யாரு மொதல்ல சிரிக்கிறாங்களோ அவுங்க கழுத. கண்ணச் சிமிட்டாமப் பாத்துக்கிட்டே அவ மெதுவா, "அங்கிள், உங்க மூக்குல முடி"ன்னா. நான் வெடிச்சுட்டேன். "கழுத அங்கிள்! கழுத அங்கிள்!"

எம்புட்டு மாசமாச்சு என்னைய யாராச்சும் தமிழ்ல ஓட்டி. என் ஊருக் கதையெல்லாம் எடுத்து விட்டேன். அந்தம்மாவும் கோயமுத்தூருக் கத ரெண்டு சொன்னாங்க. நான் அவுக பேச்ச, "என்னங்க, சொல்லுங்க, இருங்க, அடிச்சாக்கூட 'ங்க' போட்டுத்தான் அடிப்பீங்க போல"ன்னு இழுத்தேன். "மதுரக்காரங்க கொஞ்சினாவே சண்ட போட்டாப்புல இருக்குமுங்க"ன்னு அந்தம்மா திருப்பிக் குடுத்தாங்க. அது அந்த எமர்ஜென்சி ரூம் மாதிரியே இல்ல.

நாலு மணி தாண்டி அஞ்சு நிமிசம் இருக்கும். டேப்புக்கு அடியில பாத்தேன். வளையம் வந்திருச்சு. சுத்தமா, வட்டமா, வெள்ளையா.

நான் கூப்புடல.

மறந்து போச்சுன்னு சொல்ல முடியாது. நல்லாப் பாத்தேன். கூப்புட்டா டாக்டரம்மா வருவாங்க, நாலு தையல், பத்து நிமிசம், பில்லு, ஆட்டோ. அம்புட்டுத்தான், அப்பறம் நான் மறுபடியும் அமைதியான பையன். இன்னும் ரெண்டு நிமிசம்னு நெனச்சேன். அவ எங்கிட்ட அவ கிளாஸ் பையன் ஒருத்தன் ரப்பரத் தின்ன கதையச் சொல்லிக்கிட்டு இருந்தா. முடியட்டும்னு இருந்தேன். அது முடிஞ்சதும் அடுத்தது ஒண்ணு கேட்டேன், நானேதான் கேட்டேன். பத்து நிமிசம் போயிருச்சு.

அப்பத்தான் வெளிய சத்தம். பட்டறயில மெசின்ல கை மாட்டுன ஒரு ஆளத் தூக்கிட்டு ஓடி வந்தாய்ங்க. டாக்டரம்மா அங்க போயிட்டாங்க. அதுதான் மொறையும். அந்தாளப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சிட்டு அவுங்க எங்ககிட்ட வர்றப்ப மணி அஞ்சு ஆகப் போகுது. பஞ்சு காஞ்சு போயிருந்துச்சு. அவுங்க வர்றது தெரிஞ்சதும் நான் டேப்ப உரிச்சு, மூணு நாப்பதுன்னு எழுதுன அந்த டேப்ப, குப்ப டப்பாவுல போட்டுட்டேன்.

"மாமா, வளையம் எப்ப வந்துச்சு?"

"அபி அபி மேடம்." இப்பத்தான் மேடம்.

ஊசி நுனியால ஒரு ஓரமாத் தொட்டுப் பாத்தாங்க. "வலிக்குதா பேட்டா?" இல்லன்னு தலையாட்டுனா. மொதத் தையல், ஒண்ணும் இல்ல. ரெண்டாவது, ஒண்ணும் இல்ல. என்னையப் பாத்துக் கண்ணடிச்சா, ஏழு வயசு கழுத. மூணாவது, புருவத்துப் பக்கம். ஊசி உள்ள போனதும் அலறுனா பாருங்க. ஒடம்பே துள்ளுச்சு. என் கையி தன்னால போயி அவ தலைய ரெண்டு பக்கமும் அமுக்கிப் புடிச்சிருச்சு. பழக்கம். கெட்டிக்காரன்ல நான். மறுபடியும் ஒரு புள்ள கண்ணுக்கு நேரா, தலகீழா, என் மூஞ்சி.

டாக்டரம்மா ஊசிய எடுத்துட்டாங்க. என்னையப் பாத்தாங்க. "டேப் எங்க?"

குப்ப டப்பாவுலேர்ந்து எடுத்துக் குடுத்தேன். படிச்சாங்க.

"உண்மையச் சொல்லு. எப்ப வந்துச்சு?"

"நாலு அஞ்சு."

"அந்தாளு வந்தது நாலேகாலுக்கு. பத்து நிமிசம் என்ன பண்ண?"

"பேசிக்கிட்டு இருந்தேன்."

"யார்ட்ட?"

நான் புள்ளையக் காட்டுனேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு இந்தி இல்ல. தமிழ்ல கேட்டிருந்தாலும் என்னத்தச் சொல்லியிருப்பேன்னு தெரியல. அவுங்க திட்டல. எடையக் கணக்குப் பண்ணிப் பாத்துட்டு, மிச்சம் இருக்குற எடத்துக்குக் கொஞ்சமா மறுபடியும் ஜெல் வச்சாங்க. "பஞ்ச அம்மா புடிக்கட்டும். நீ மணிய மட்டும் பாரு."

அந்தம்மாவுக்கு நடந்தது முழுசாப் புரியல. எங்கிட்டக் கேட்டாங்க. வளையத்தப் பாத்துட்டும் கூப்புடாம இருந்தேன்னு தமிழ்லயே சொன்னேன். "நல்லவராட்டம் பேசிட்டிருந்தீங்களே"ன்னாங்க. அவ்ளோதான். அதுக்கு நான் அறை வாங்கியிருக்கலாம்.

நான் ஸ்டூல அந்தப்பக்கம் நகத்தி, குனிஞ்சு, என் காதக் கொண்டுபோயி புள்ள கைக்குக் கிட்ட நீட்டுனேன். "ப்ராமிஸ்ல? திருகு."

அவ திருகல. கைய மடக்கி நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. அம்மா, "ஆட்டாத கண்ணு, பஞ்சு நகுருதில்ல"ன்னு மெல்லச் சொன்னாங்க.

பத்து நிமிசம் கூடுதலா வேணும்னு ஆசப்பட்டேன்ல. முழுசா அரை மணி நேரம் கெடச்சுச்சு. அதே ஸ்டூலு, அதே புள்ள. நான் கடியாரத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அந்தக் கடியாரத்துல செகண்ட் முள்ளு ஒம்போதுகிட்ட வந்தா ஒரு தடவ திக்கிட்டுத்தான் தாண்டும். அது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். வளையம் வந்ததும் ஓடிப் போயிக் கூப்புட்டேன். மூணாவது, நாலாவது, ஒரு சத்தம் இல்ல. போறப்ப அந்தம்மா, "பை சொல்லு கண்ணு"ன்னாங்க. அவ செவுத்துல ஒட்டியிருந்த கை கழுவுற படத்தப் பாத்துக்கிட்டே போயிட்டா.

நெத்தித் தையல அஞ்சாவது நாளு பிரிக்கணும். அன்னிக்கு எனக்கு லீவு. சிஸ்டர்ட்டச் சொல்லி டூட்டி மாத்திக்கிட்டேன். மூக்கு முடியக்கூட வெட்டுனேன், சிரிக்காதீங்க. காலையிலேர்ந்து வாசக் கண்ணாடிக் கதவு தொறக்குறப்பல்லாம் பாத்தேன். தையல் பிரிக்கிறது கொஞ்சம் சுருக்குன்னுதான் இருக்கும், எறும்பு கடிச்ச மாதிரி. இந்தத் தடவ அதச் சொல்லிறணும், வலிக்காதுன்னு சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். மத்தியானம் ஆச்சு. சாய்ங்காலம் ஆச்சு. வாட்ச்மேன், "யாருக்காகப் பாக்குற?"ன்னாரு. "யாருக்காகவும் இல்ல"ன்னேன். அவிங்க வரல. வீட்டுக்குப் பக்கத்துல எங்கயாச்சும் பிரிச்சிருப்பாங்க. அதுக்கப்பறம் ரெண்டு மாசமாச்சு, நான் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் எத்தன தடவ போனாலும் சைக்கிள்ல போற பொம்பளப்புள்ளைங்க நெத்தியத்தான் பாக்குறேன்.

ஜெல்லு இப்பவும் வக்கிறோம். பெட்ஷீட்டு சுருட்டுற வேல அனேகமா நின்னு போச்சு. வளையம் தெரிஞ்சதும் நான் கூப்புட்டுர்றேன், கத பாதியில இருந்தாலும் சரி. சில புள்ளைங்க, "அப்பறம் என்னாச்சு மாமா?"ன்னு இந்தியில கேக்குதுங்க. தையல் போட்டுட்டுச் சொல்றேம்பேன். தையல் போட்ட பெறகு எந்தப் புள்ளையும் கேக்குறதில்ல, வீட்டுக்குப் போயிருதுங்க.

இத முழுசாத் தட்டி முடிச்சிட்டு மொதல்ல கூட்டாளிக்குத்தான் அனுப்புனேன். சேலத்துக்காரய்ங்க சிரிச்சது, ஷிப்டுன்னு நான் சொன்ன பொய்யி, எல்லாத்தையும் சேத்துத்தான். வாட்சப்புல ரெண்டு நீல டிக்கு விழுந்துச்சு. பாதி நாளு ஒண்ணும் வரல. வேகமா ஓட்ட முடியாதுல்ல, எழுத்துக் கூட்டிப் படிச்சிருப்பான். சாய்ங்காலம் நான் பிரிட்ஜுல ஜெல் டப்பாவ எண்ணிக்கிட்டு இருக்கப்ப போன் அதிந்துச்சு.

"டேய் கழுத, அரை மணி நேரம் பேச ஆளு வேணும்னா லோக்கல் ஏறுடா, கசார்வாடிலேர்ந்து இங்க அம்புட்டு நேரந்தான்."